யாருடைய இரகசியம்?

அரசு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் உறங்கும் கோப்பு யாருக்குச் சொந்தம்? அதனை எழுதிய எழுத்தருக்கா, கையொப்பமிட்ட அதிகாரிக்கா, அல்லது எவருடைய வரிப்பணத்தால் அந்தத் தாளும் மையும் வாங்கப்பட்டனவோ அந்தக் குடிமக்களுக்கா? இக்கேள்வி நெடுங்காலம் நம் நாட்டில் கேட்கப்படவேயில்லை. ஆங்கிலேயர் 1923ஆம் ஆண்டு இயற்றிவிட்டுப் போன அரசாங்க இரகசியச் சட்டத்தின் நிழலில், கேட்பவன் குற்றவாளி போலவும் மறைப்பவன் கடமை வீரன் போலவும் கருதப்பட்டு வந்தனர். 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. பத்து ரூபாய் கட்டணத்துடன் எக்குடிமகனும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவனை வினவக்கூடாது. 30 நாட்களுக்குள் மறுமொழி தரவேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதாயின் 48 மணி நேரத்தில் தரவேண்டும்.

ஆயினும் அதே சட்டம் எல்லாவற்றையும் திறந்து வைக்கவில்லை. அதன் 8ஆம் பிரிவு பத்து வகைத் தகவல்களை மறுக்க இடமளிக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, வணிக இரகசியம், நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவை, துப்புக் கொடுத்தவரின் பெயர், தனிமனித அந்தரங்கம் முதலியன அவற்றுள் அடங்கும். நம் வாசகர்களுள் பலர் இவ்வளவோடு படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அதிகாரிகளுள் சிலரும் அவ்வாறே. அடுத்த உட்பிரிவையும் படிக்க வேண்டும். மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பெரிதாயின், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்று 8(2) கூறுகிறது. ஆக, சட்டம் அதிகாரியின் கையில் கொடுத்திருப்பது பூட்டு அன்று, தராசு. அத்தராசின் ஒரு தட்டில் எதை வைப்பது, மறுதட்டில் எதை வைப்பது என்பதைப் பழனி மலையில் வாழும் நாம் பிறரைவிட அதிகமாக எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். இம்மலை அதற்கு விலை கொடுத்திருக்கிறது.

1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே சென்றன. உடைந்தவை மட்டும் நம்மோடு தங்கின. தொழிற்சாலையின் பின்புறம் பாம்பாறு சோலை. அச்சோலையில் ஊறும் நீர் கும்பக்கரை வழியே பெரியகுளத்துச் சமவெளிக்கு இறங்குவதை நாம் யாவரும் அறிவோம். ஆலையில் வேலை கிடைத்ததைப் பாக்கியமாக எண்ணியே நம் இளைஞரும் இளம்பெண்களும் சென்றனர். வெள்ளிபோல் உருண்டோடும் அந்தத் திரவம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மாறி மூச்சோடு உட்புகும் என்பதும், சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்த செய்தி.

2001ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடந்த பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகளைப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர்மக்களோடு சேர்ந்து உலகுக்குக் காட்டினர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

இங்கே வாசகர்கள் ஆண்டுகளை உற்றுநோக்க வேண்டுகிறோம். போபால் விஷவாயுத் துயரம் 1984இல். எந்த வாயு கசிந்தது, அதற்கு என்ன மருந்து என்று அறியாமல் அன்றிரவு மருத்துவர்கள் தத்தளித்தார்கள். அதன் பாடமாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில் நடத்துவோர் அதன் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டாரத்தில் குடியிருப்போருக்கும் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்று 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. அடுத்து, இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றிய மாநிலம் என்ற பெருமையை 1997இல் நம் தமிழ்நாடு பெற்றது. விலக்குகள் மலிந்த மெலிந்த சட்டம்தான், எனினும் சட்டம். இவ்விரண்டும் ஏட்டில் இருந்தபோதே மூஞ்சிக்கல் மக்கள் உண்மையை ஒரு காயலான் கடையின் குப்பைமேட்டிலிருந்து கற்றுக்கொண்டனர். அலுவலகக் கோப்பிலிருந்து ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பாதரசத்தின் வரலாற்றில் இது புதிதும் அன்று. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் 1956இல் விந்தையான நோய் கண்டறியப்பட்டது. கை கால் நடுங்கின, பேச்சுக் குழறியது, கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவே காரணம் என்ற ஐயம் எழுந்தபோது, அந்நிறுவனத்தின் சொந்த மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா, கழிவுநீரைப் பூனைகளுக்கு உணவோடு கலந்து கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில், 400ஆம் எண்ணிட்ட பூனை அதே நோயால் துடித்தது. நிறுவனம் அவருடைய சோதனையைத் தடுத்து, முடிவை மறைத்தது. ஜப்பானிய அரசு உண்மையை ஏற்றுக்கொண்டது 1968இல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் மீனவர் மீன் பிடித்தனர். தாய்மார் அதைச் சமைத்துப் பரிமாறினர். 1970இல் ஹொசோகாவா மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவாறே நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார். ஒரு பூனையைப் பற்றிய நாலு வரி ஆய்வுக் குறிப்பு அவ்வளவு காலமும் வணிக இரகசியமாய்க் காக்கப்பட்டிருந்தது.

தனியார் நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டம் நேரே செல்லாது என்பார்கள். உண்மையே. ஆனால் வேறொரு சட்டத்தின்படி அரசுத் துறை ஒன்று அந்நிறுவனத்திடம் கேட்டுப் பெறக்கூடிய எத்தகவலும் இச்சட்டத்தின்கீழ்த் தகவலே என்று 2ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் நிறுவனம் கொடுத்த அறிக்கைகள் அவ்வகையின. வணிக இரகசியம் என்ற விலக்கும்கூட, பெரும் பொதுநலன் குறுக்கிட்டால் விலகிக்கொள்ள வேண்டியதே. மூச்சுக்காற்றைவிடப் பெரிய பொதுநலன் எதுவென்று நாம் அறியோம்.

இவ்வாறெல்லாம் எழுதுவதால் எல்லா இரகசியமும் பாவம் என்று நாம் கருதுவதாக எவரும் கொள்ளவேண்டாம். இரகசியத்தின் அருமை குருக்களாகிய நமக்குத் தெரியாததன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை உயிரே போவதாயினும் வெளியிடாதிருக்க நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அம்முத்திரை எதற்காக? குருவின் மானத்தைக் காக்கவா? இல்லை. மண்டியிட்டிருப்பவர் அச்சமின்றித் தம் உள்ளத்தைத் திறப்பதற்காக. எளியவனாய் வந்து நிற்பவனைக் காக்கும் இரகசியம் அது. இதே அளவுகோலை அரசின் இரகசியங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்பதே நாம் சொல்ல விழைவது. முன்னாள் தொழிலாளி ஒருவரின் சிறுநீரகப் பரிசோதனைத் தாள் அவருக்கு உரியது. அதை ஊரார் புரட்டிப் பார்க்க உரிமை இல்லை. காட்டில் சந்தனமரம் வெட்டுகிறவனைப் பற்றித் துப்புக் கொடுத்த ஏழையின் பெயர் வெளிவரலாகாது. அவனுடைய உயிர் அதில் இருக்கிறது. சோலைக்குள் அரிய ஆர்க்கிட் மலர் எந்த ஓடையோரம் பூக்கிறது என்பதைக்கூட வரைபடம் போட்டு வெளியிடாமல் இருப்பது விவேகமே. செண்பகனூரில் தாவர இயல் வளர்த்த நம் இயேசு சபைத் துறவியர் இதனை நன்குணர்வர். ஆனால் ஆலை மண்ணில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்ற எண் எந்த எளியவனைக் காப்பதற்காக மறைக்கப்பட வேண்டும்?

முன்னாள் தொழிலாளர் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். அவர்கள் மட்டுமன்றி அவர்களுடைய பிள்ளைகளும் பாதரசத்தால் நலிவுற்றமைக்குச் சான்று உண்டு என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு 2011இல் அந்நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. தன் ஆலையால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. 2016 மார்ச் மாதம் 591 முன்னாள் தொழிலாளருக்கு மனிதாபிமான அடிப்படையில் தொகை வழங்குவதாக உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. அதில் நமக்குப் பெரிய குறையில்லை. கூலிவேலை செய்யும் குடும்பத்தின் கையில் எவ்வளவு பணம் வந்தது என்பது ஊருக்குத் தெரிந்தால் கடன்காரரும் உறவினரும் வாசலில் வந்து நிற்பர். மண்ணின் கணக்கு வேறு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவைத் துப்புரவுப் பணிக்கு வாரியம் ஏற்றுக்கொண்டது. சோலையை ஒட்டிய நிலத்துக்கு அது போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சூழல் ஆர்வலர் வாதாடினர். யார் சொல்வது சரியென்று தீர்ப்புக் கூற நாம் விஞ்ஞானிகள் அல்லர். ஆனால் வாதாடவாவது அவர்களால் முடிந்ததற்குக் காரணம், அந்த 20 என்ற எண் வெளியே தெரிந்திருந்ததே.

இனி, நம் மலைக்கு மட்டுமன்றி மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் பொதுவான ஒரு வழக்கைக் கூறுவோம். 2010 பிப்ரவரியில் நீலகிரியின் கோத்தகிரியில் சூழல் ஆர்வலர் கூடியபோது மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்திருந்தார். அங்கே பிறந்த எண்ணமே விஞ்ஞானி மாதவ் காட்கில் தலைமையில் ஒரு வல்லுநர் குழுவாக உருவெடுத்தது. தபதி முதல் குமரி வரை எங்கெங்கே குவாரி கூடாது, எங்கெங்கே அணை கூடாது, பூச்சிமருந்தை எத்தனை ஆண்டுகளில் கைவிடுவது என்று அக்குழு விரிவாக எழுதி, 2011 ஆகஸ்ட் 31இல் அமைச்சகத்திடம் அறிக்கையைக் கொடுத்தது. மேல்மலையில் பூண்டும் கேரட்டும் உருளையும் பயிரிடுகிறவருக்கும், கீழ்மலையில் காபியும் மிளகும் மலைவாழையும் வளர்க்கிறவருக்கும் இதில் ஒவ்வொரு பக்கமும் தத்தம் வயிற்றைப் பற்றியதுதான். அமைச்சகம் அதனை வெளியிடவில்லை.

கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டார். அறிக்கை இறுதியானதன்று, மாநிலங்களோடு கலந்தாய்வு நடக்கிறது, வெளியிட்டால் நாட்டின் அறிவியல், பொருளாதார நலன்கள் பாதிக்கப்படும் என்று கூறி, 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அன்னிய நாட்டாரிடமிருந்து படைத்தள இரகசியத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட பிரிவு, மலைக்காட்டைப் பற்றிய ஓர் அறிக்கையை மலைவாசிகளிடமிருந்து காப்பதற்குப் பயன்பட்டது! மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரல் 9ஆம் நாள் அறிக்கையைக் கொடுக்கவும் இணையத்தில் ஏற்றவும் ஆணையிட்டார். அமைச்சகம் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மே 17இல் நீதிபதி விபின் சங்கி அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். முடிவு செய்யப்பட்ட பின்னர் அல்ல, முடிவு உருவாகும் காலத்திலேயே மக்கள் அறிந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்பதே இவ்வழக்கின் சாரம். மே 23இல் அறிக்கை வெளிவந்தது. ஏறக்குறைய ஒன்பது மாதம் அது அலமாரியில் இருந்திருக்கிறது.

அந்த ஒன்பது மாதத்தில் வெளியே என்ன வளர்ந்தது என்பதுதான் நம் கவலைக்குரிய செய்தி. உண்மை உள்ளே பூட்டப்பட்டபோது வதந்தி தெருவில் உலாவியது. வெளிவந்த பின்னரும், ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஆங்கில நூலை இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டத்தில் உழைப்பவர் எப்படிப் படிப்பார்? வீட்டை இடிப்பார்கள், நிலத்தைப் பிடுங்குவார்கள், மாடு வளர்க்கவும் அனுமதி கேட்கவேண்டும் என்ற பேச்சே அவரை எட்டியது. மண்டல எல்லைகளை ஊர்ச்சபைகளின் கருத்தறிந்தே உறுதி செய்யவேண்டும் என்று அக்குழுவே எழுதியிருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 2013இல் கஸ்தூரிரங்கன் தலைமையிலான இரண்டாம் குழுவின் அறிக்கை வந்து, நவம்பரில் அமைச்சகம் அதன் அடிப்படையில் ஆணை பிறப்பித்தபோது, இடுக்கியிலும் தாமரச்சேரியிலும் மக்கள் கொதித்தெழுந்தனர். தாமரச்சேரியில் வனத்துறை அலுவலகம் தீக்கிரையானது. அந்த எதிர்ப்பில் நம் திருச்சபையின் குருக்களும் ஆயர்களும் முன்நின்றனர் என்பதை மறைத்து எழுதினால், மறைப்பதைப் பற்றி எழுத நமக்கு அருகதை இராது. தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்திப் பிழைத்த குடியேறிகளின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அவ்வச்சத்தில் நியாயமும் இருந்தது. முதல் நாளிலிருந்தே அறிக்கை மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் கோவில் வாசலிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கிடைத்திருந்தால், எதை எதிர்ப்பது, எதை ஏற்பது என்று அவர்கள் பகுத்துப் பார்த்திருப்பார்கள் என்பது நம் துணிபு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் புதைந்தன. அதற்கு மறுநாள், சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகள் பற்றிய வரைவு அறிவிக்கையை அமைச்சகம் ஆறாம் முறையாக வெளியிட்டது. 2014இல் வெளிவந்த முதல் வரைவுக்குப் பின் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

செய்தி அறியும் உரிமை நம் திருச்சபைக்கு அன்னியமான கொள்கை அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டிலேயே மனித சமுதாயத்துக்குத் தகவல் பெறும் உரிமை உண்டென்று ஏற்கப்பட்டது. அவ்வாண்டே திருத்தந்தை 23ஆம் அருளப்பரும் உலக சமாதானம் பற்றிய தம் சுற்றுமடலில் பொது நிகழ்ச்சிகளைச் சரியாக அறியும் உரிமையை மனித உரிமைகளோடு சேர்த்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சூழலியல் சுற்றுமடல், திட்டங்களின் விளைவுகள் ஒளிவுமறைவின்றி ஆராயப்பட வேண்டும் என்றும் அவ்வூர் மக்களுக்கு அதில் தனியிடம் உண்டென்றும் வலியுறுத்துகிறது. உலகின் முதல் தகவல் உரிமைச் சட்டம் 1766இல் சுவீடனில் பிறந்தபோது அதற்காகப் போராடியவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்ற லூத்தரன் போதகர் என்பதையும், பிரிந்த சகோதரர் என்று பாராமல், மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்! நம் சொந்த வீட்டிலும் கதவு திறக்க நாளாயிற்று. சிறுவர் மீதான பாலியல் கொடுமை வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசியம் 2019 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காக்கும் இரகசியம் இன்றும் நிற்கிறது. குற்றம் செய்தவரைக் காத்தது போயிற்று. மேலே நாம் கூறிய அளவுகோல் அங்கேயும் அதுவே.

அண்மையில் சட்டத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைப் பலரும் கவனிக்கவில்லை. பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் காரணமின்றித் தலையிடுகிற சொந்த விவரங்களை மட்டுமே மறுக்கலாம் என்றிருந்த 8(1)(ஒ) பிரிவு, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் சுருக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1990களில் இராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர் வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படிக்கச் செய்தபோதுதான், வேலையே செய்யாதவர் பெயரிலும் இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. இச்சட்டத்துக்கு வித்திட்டது அப்போராட்டமே. அப்பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் கோடுகளே. 8(2) பிரிவு இன்னும் உயிரோடிருப்பதால் பொதுநலனைக் காட்டி வாதாட இடமுண்டு. ஆனால் இனி அந்தப் பாரம் பெரும்பாலும் கேட்பவர் தோள்மீது விழும்.

கேட்க விரும்பும் நம் குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல, பொதுத் தகவல் அலுவலர் அதை எழுத்தில் வடிக்க உதவவேண்டும் என்பது சட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று இணைத்தால் கட்டணமில்லை. மற்றையோர் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். 'ஏன் இன்னும் மண்ணைச் சுத்தம் செய்யவில்லை?' என்று கேட்டால், விளக்கம் தருவது எம் வேலையன்று என்று பதில் வரும். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஆலை வளாகத்திலும் பாம்பாறு ஓடையிலும் எடுக்கப்பட்ட மண், நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள்' என்று கேட்கவேண்டும். ஆவணத்தைக் கேட்டால் ஆவணத்தைத் தரவேண்டும் அல்லது மறுப்புக்குரிய பிரிவைக் குறிப்பிட வேண்டும். ஒரு பகுதி மட்டுமே இரகசியமாயின் அதை மறைத்து மீதியைத் தர 10ஆம் பிரிவு வழி செய்கிறது. இதைப் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. மறுப்பு வந்தால் 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் பயனில்லையேல் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மனுவின் நகலையும், அது அலுவலகத்தில் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரமாக வைத்திருங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறது.